அம்மை லீவு

4 பிப்ரவரி 2024, ஞாயிறு

எங்கள் வீட்டில் பிள்ளைகள் காதில் விழாமல் ஒன்று பேச வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேச வேண்டும். இன்று காலை அவரும் நானும் அப்படித்தான் பேசினோம். ஒரு வாளி நிறைந்து வழிந்த பிறகுதான் அவர் சொல்ல வந்தது எனக்கு விளங்கியது.

சென்னைக்கு வெளியே ஒரு தண்ணீர்ப் பூங்கா இருக்கிறதாம். ராட்டினம், சறுக்கு, செயற்கை அலை எல்லாம் உண்டாம். பதினைந்தாம் தேதி வியாழனுக்கு டிக்கெட்டை ஓமனில் இருக்கும்போதே போட்டுவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது. தாம்பரத்து அத்தையைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போய், நேரே பூங்கா வாசலில் கொண்டு நிறுத்த வேண்டும். சோஹார் துறைமுகத்தில் அவரோடு கிரேன் ஓட்டும் மலையாளி ஒருவர் இப்படித்தான் செய்து, பிள்ளைகள் துள்ளிக் குதித்ததைப் போனில் பிடித்துக் கேம்பில் எல்லோருக்கும் காட்டினாராம்.

"புகழ் என்னைய 'வாங்க, உக்காருங்க'ன்னு சொல்றான் ஈஸ்வரி. பேங்க் மேனேஜர்ட்ட பேசுற மாதிரி," என்றார். "ஒரு தடவையாச்சும் எம்மேல ஓடி வந்து விழணும். அத நான் பாத்துட்டுப் போகணும்."

புகழுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்து அப்பாவோடு இருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து மாதம் தேறாது. இந்த முறையும் இருபத்தைந்தாம் தேதி விமானம். நான் எப்படி வேண்டாமென்று சொல்வேன்? "பள்ளிக்கூடத்துல லீவு தர மாட்டாங்களே" என்று மட்டும் சொன்னேன். அவர் வழிந்த வாளியைத் தூக்கிக்கொண்டு செடிக்கு ஊற்றப் போய்விட்டார்.

6 பிப்ரவரி, செவ்வாய்

ஓவியா ஏழாம் வகுப்பு, புகழ் இரண்டாம் வகுப்பு. பன்னிரண்டாம் தேதியிலிருந்து இரண்டு பேருக்கும் பரீட்சை. கல்யாணம் என்றால் ஒரு நாள் லீவு, சாவென்றால் மூன்று நாள், அதுவும் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையிலும் முகூர்த்த மாதம். பில் போடும் பெண் லீவு என்றால் முதலாளி அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மத்தியானம் ஒரு பட்டுப்புடவைக்குப் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது தோன்றியது. அம்மைக்கு மட்டும் யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை. தாய் வந்திருக்கிறாள் என்றால் மேலே ஒரு கேள்வி கிடையாது. வர வேண்டாம், வர வேண்டாம் என்று அவர்களே கெஞ்சுவார்கள். ஒரு பிள்ளைக்கு என்றால் மற்றப் பிள்ளைக்கும் லீவு, தாய்க்கும் லீவு. ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

நினைத்ததுமே இருக்கன்குடி மாரியம்மன் இருக்கும் திசையைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எதிரே நின்ற அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

8 பிப்ரவரி, வியாழன்

ஓவியாவுக்கா, புகழுக்கா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. புகழுக்கு என்று வைத்துக்கொண்டேன். சின்னவன் என்றால் நம்புவார்கள்.

12 பிப்ரவரி, திங்கள்

சொல்லிவிட்டேன். மொட்டைமாடியில் நின்று புகழின் வகுப்பு மிஸ்ஸுக்குப் போன் போட்டேன்.

"அய்யோ, தாயா வந்திருக்கா? எத்தன முத்து போட்டிருக்கு?" என்றார் அவர்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. "மூணு" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மூணுலதாங்க ஆரம்பிக்கும். பதினஞ்சு நாளைக்கு ரெண்டு பேரையும் அனுப்பாதீங்க. பரீட்சைய அப்புறம் பாத்துக்கலாம். வீட்டுல தாளிக்காதீங்க, என்ன?"

அண்ணாச்சி அதற்கும் மேலே போய்விட்டார். "பிள்ளைய பாரும்மா, கடை எங்க ஓடிப்போகுது" என்றவர், மத்தியானம் கடை ஆட்டோவில் மூன்று இளநீர் அனுப்பி வைத்தார். அவர் மனைவி போனை வாங்கி, பிள்ளை பேருக்கு அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் வாங்கிப் போடுவதாக நேர்ந்துகொண்டேன் என்றார். பொய் சொன்னது நான், கடன்பட்டது என் பிள்ளை.

ஆட்டோக்காரர் வாசலைப் பார்ப்பாரே என்று அவசரமாக நாலு கொத்து வேப்பிலை ஒடித்து நிலையில் கட்டினேன். கட்டும்போது மனசு சரியில்லை. பள்ளிக்கூடத்தில் மோட்டார் பழுது, அதனால் லீவு என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம். புகழ் மூன்று இளநீரையும் தானே குடித்துவிட்டு ஏப்பம் விட்டான். ஓவியா வேப்பிலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கும்மா?"

"கொசு வராம இருக்க."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. மறுபடி கேட்கவில்லை.

13 பிப்ரவரி, செவ்வாய்

சாயங்காலம் ரயில். நாலு பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன் வாங்கி, என் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் போலிருக்கிறது, அப்படி ஒரு பூரிப்பு.

ஓவியாதான் சரியாகச் சாப்பிடவில்லை. நாங்கள் இருவரும் பேசினால் வந்து நிற்கிறாள், திரும்பினால் போய்விடுகிறாள். தான் யாருக்கும் தொடக் கொடுக்காத கலர் பென்சில் டப்பாவைப் புகழுக்கே கொடுத்துவிட்டாளாம். வளருகிற வயசு, இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

14 பிப்ரவரி, புதன். தாம்பரம்

காலையில் வந்து சேர்ந்தோம். கற்பகம் இவருக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போது ஐந்து மாதம். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி, எத்தனை கோயில். போன தடவை பார்த்ததற்கு முகம் நன்றாகத் தெளிந்திருக்கிறது. மாப்பிள்ளை வேலையாகப் புனேக்குப் போயிருக்கிறார்.

பூங்கா விஷயமும் அம்மை விஷயமும் அவளுக்குத் தெரியும். அடுப்படியில் என் தோளில் இடித்துச் சிரித்தாள். "பயங்கரமான ஆளு மதினி நீங்க! எனக்கெல்லாம் இந்தத் தைரியம் வராது." நாளைக்கு அவளும் வருகிறாள். எதிலும் ஏற மாட்டாளாம், பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமாம்.

மத்தியானத்திலிருந்து புகழின் உடம்பு லேசாகச் சுடுகிறது. ரயில் அலைச்சல். காய்ச்சல் மருந்து ஒரு மூடி கொடுத்தேன். அத்தை மடியில் தலை வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டான். அவளும் அவன் தலையைக் கோதிக்கொண்டே சோபாவில் கண்ணயர்ந்துவிட்டாள். நான் நான்கு தடவை போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

அலைச்சல்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் பாட்டுக்கு அவன் பேரைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அத்தனை பெரிய சக்தி, ஒரு ஜவுளிக்கடைக்காரியின் லீவுக்காகவா வந்து இறங்கப் போகிறது?

15 பிப்ரவரி, வியாழன்

பைகளுக்குக் காவலாக ஒரு குடை நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் உடம்பு சுடவில்லை. அதனால்தான் கிளம்பினோம். பூங்காவுக்குச் சற்று முன்னாலேயே இரண்டு பேர் கண்ணையும் துண்டால் கட்டிக் காரிலிருந்து இறக்கி நடத்திக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினார். "இப்ப அவுத்துப் பாருங்க!"

புகழ் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான். மேலே பார்த்தான். உள்ளே ஒரு சறுக்கில் யாரோ அலறிக்கொண்டு இறங்கினார்கள். அவ்வளவுதான், "அப்பா!" என்று ஒரு கத்துக் கத்தி ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவர் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வீடியோ எடுக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும். போன் அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது. அவர் அழுவதை நான் இன்றுதான் பார்த்தேன்.

ஓவியா சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள்.

"என்னம்மா, என்னாச்சு?" என்று கற்பகம் குனிந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன் அத்த. எங்க கிளாஸ் பானு போன்ல சொன்னா, தம்பிக்கு அம்மையாம், மிஸ் சொன்னாங்களாம். வீட்டுல வேப்பில கட்டிருந்துச்சு. அம்மாவும் அப்பாவும் ஒளிஞ்சு ஒளிஞ்சு பேசுறாங்க. தம்பி செத்துப்போயிருவான், அதான் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு..."

நாங்கள் சிரித்துவிட்டோம். நானும்தான் சிரித்தேன். பிறகு மூன்று நாளாக அவள் சாப்பிடாதது ஞாபகம் வந்து, அவளைக் கட்டிக்கொண்டேன்.

புகழுக்கு முழுக்கை நைலான் சட்டையும் முழுக்கால் சட்டையும் வாடகைக்கு எடுத்தேன். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, தோல் கறுத்துவிடும். "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார் அவர். வயிற்றில் ஒரு சின்னச் சிவப்பு இருக்கிறது. கொசு கடித்தது. தாம்பரத்துக் கொசு பேர்போனது. பிள்ளைகளுக்கு உடை மாற்றும்போது கற்பகமும் கூட வந்தாள். வேறு ஒன்றும் எழுத இல்லை.

இப்போது அலைக்குளத்தில் இருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகள்! இடுப்பில் வைத்திருக்கும் கைக்குழந்தைகள்கூட இருக்கின்றன. நான் ஏன் அவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. நூற்றுப் பத்து வரை எண்ணினேன்.

நடுவில் ஒரு தடவை குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தான். அவர் துண்டைச் சுற்றி அவனைத் தூக்கிக் கற்பகம் மடியில் உட்கார வைத்தார். அவள் தயிர்சாதம் ஊட்டினாள். அவன் கடித்து வைத்த மீதி அப்பளத்தை அவள் தின்றாள்.

16 பிப்ரவரி, வெள்ளி. ரயிலில்

காலையில் முகத்தில் ஏழு. காதுக்குப் பின்னால் இரண்டு. முதுகைப் பார்க்கத் தைரியமில்லை.

கற்பகம் எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். போகும்போது தூங்கிக்கொண்டிருந்த புகழுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். அறையில் திரை இழுத்துவிட்டிருந்ததால் வெளிச்சம் இல்லை. நான் கதவோரமாக நின்றுகொண்டிருந்தேன்.

அவள் போனதும் அவரை எழுப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நாளை கிளம்புவதாக இருந்தோம். அவள் திரும்பி வருவதற்குள் போய்விடலாம் என்றேன். மத்தியான ரயிலில் ஏறிவிட்டோம். "பள்ளிக்கூடத்துலருந்து கூப்பிட்டுட்டாங்க" என்று கற்பகத்துக்குச் செய்தி அனுப்பினேன். "சொல்லாமப் போறீங்களே மதினி, மீன் வாங்க நெனச்சேன்" என்று பதில் வந்தது.

புகழுக்குப் போர்வையைக் கழுத்துவரை போர்த்தி ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்திருக்கிறேன். எதிர் சீட்டுக்காரர் அவனுக்குக் கடலை மிட்டாய் நீட்டுகிறார். வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

17 பிப்ரவரி, சனி

நாற்பத்தொன்று வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

18 பிப்ரவரி, ஞாயிறு

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரமாச்சே, இன்னும் எறங்கலையா? தலைக்குத் தண்ணி ஊத்துற நேரம் வந்துருச்சே" என்றார். ஊர்க் கணக்கில் ஏழாம் நாள். உண்மையில் நாலாம் நாள். ஊருக்கு அம்மை இறங்குகிறது, என் வீட்டில் ஏறுகிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

புகழ் அனத்துகிறான். வாய்க்குள்ளும் இருக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை. வேப்பிலையால் வருடிவிடுகிறேன். தாயே, நான் உன் பெயரைச் சொல்லி விளையாடிவிட்டேன், தண்டனையை எனக்குக் கொடு, பிள்ளையை விட்டுவிடு என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. சோற்றைப் பிசைந்தால் பயம், துணியைத் துவைத்தால் பயம்.

மத்தியானம் அவர் சொன்னார்: "எனக்குச் சின்னதுல போட்டுச்சு. அப்ப கற்பகத்த சிவகாசிக்கு எங்க பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவளுக்குப் போடவே இல்ல."

"அப்ப அவட்ட சொல்லிரணும்ல?"

"வேண்டாம் ஈஸ்வரி. ஒம்போது வருஷம் கழிச்சு நின்ன பிள்ள. பயத்துலயே ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? வயித்துப் பிள்ளக்காரிட்ட கெட்ட சேதி சொல்லக் கூடாது. தாயி பாத்துக்குவா."

நானும் சரி என்றேன். சட்டென்று சரி என்றேன்.

ஓவியா ரயிலில் ஏறியதிலிருந்து என்னோடு பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் தலையாட்டுகிறாள். அசதியாக இருக்கும்.

19 பிப்ரவரி, திங்கள்

அம்மைக்கு மருந்து பார்க்கக் கூடாது என்பார்கள். புகழுக்கு மூச்சு இரைத்தது, நான் பார்க்கவில்லை எதையும், ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய்விட்டேன். வீட்டில் தனியாக விட மனமில்லாமல் ஓவியாவையும் கூட்டிக்கொண்டேன்.

நெஞ்சில் சளி இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். மருந்து எழுதிக்கொண்டே, "ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி எங்கயோ ஒட்டியிருக்கு. இது உடம்புக்குள்ள இருந்துட்டு மெதுவாத்தான் வெளிய வரும். ஜனவரி கடைசில கிளாஸ்ல யாருக்காச்சும் இருந்துச்சா?" என்று கேட்டார்.

ஜனவரி கடைசி. நான் அம்மை லீவு என்று நினைப்பதற்கே முன்னால். அப்படியானால் தாய் என்னைத் தண்டிக்கவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே அது அவனுக்குள் இருந்திருக்கிறது. நெஞ்சிலிருந்து பாரம் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

"முத்து தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மத்தவங்களுக்குத் தொத்தும். வீட்டுல கர்ப்பமா யாராச்சும் இருக்காங்களா?"

"வீட்ல யாரும் இல்லங்க டாக்டர்," என்றேன். அது பொய் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

"நல்லது. இருந்தா உடனே ஊசி போடணும். பத்து நாளுக்குள்ள போட்டாத்தான் பலன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. விட்டா தாய்க்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம்."

ஓவியா என் கையை நகம் பதியக் கிள்ளினாள். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

20 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் ஓவியா அடுப்படிக்கு வந்து நின்றாள். நாலு நாளுக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை:

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

பதினைந்தாம் தேதிப் பக்கத்தில், வேறு ஒன்றும் எழுத இல்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுத இருந்தது.

உடை மாற்றும் அறையில் புகழின் பனியனைக் கழற்றியபோது கற்பகம்தான் முதலில் பார்த்தாள். வயிற்றில் ஒன்று, விலாவில் ஒன்று. "மதினி, இது என்ன, முத்து மாதிரி இருக்கு?" என்று ஒரு அடி பின்னால் போனாள். "எனக்கு இது போட்டதே இல்ல மதினி. அம்மை கிம்மை இருக்குற எடத்துக்குப் போகாதீங்கன்னு டாக்டர் சொல்லிருக்காங்க. அது இல்லேல்ல?"

நான் சிரித்தேன். "பள்ளிக்கூடத்துக்குச் சொன்ன பொய்யி உன்னையும் பிடிச்சுக்கிருச்சா? கொசு கடிச்சிருக்கு கற்பகம், நீ வேற." அவளும் சிரித்துவிட்டாள். பயந்ததற்கு வெட்கப்பட்டவள் போல, குனிந்து அவளே அவனுக்கு நைலான் சட்டையை மாட்டிவிட்டாள். ஓவியா பக்கத்தில்தான் நின்றாள்.

தண்ணீர்த்துளி ஒட்டியது போல இருந்தது அது. கொசு கடித்தால் அப்படித் தண்ணீர் கோக்காது. எனக்கு எட்டு வயதில் போட்டிருக்கிறது, எனக்குத் தெரியும். பார்த்த அந்த நொடியே தெரியும். ஆனால் அவன் அப்பா மேல் ஓடிப்போய் விழுந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. வெளியே அவர் இடுப்பில் மிதவையை மாட்டிக்கொண்டு, சின்னப் பையனைப் போலக் குதித்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் போகட்டும், ஒரே ஒரு நாள் என்று நினைத்தேன்.

தாய் தண்டித்தாள் என்றால் தாங்கிக்கொள்வேன். மாவிளக்குப் போட்டு, உருண்டு கொடுத்து எப்படியாவது கழித்துவிடுவேன். இது நானே செய்தது.

அவரிடம் முதலில் சொன்னேன். கேட்டுவிட்டு, "நான்தான ஈஸ்வரி அவனத் தூக்கி அவ மடியில வச்சேன்? நீ பாத்துட்டுத்தான இருந்த?" என்றார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கற்பகத்தைக் கூப்பிட்டேன். எதையும் விடாமல் சொன்னேன். கொசுக்கடி என்று தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தேதான் சொன்னேன் என்பதையும் சொன்னேன். "நீங்க சொன்னீங்கன்னுதான மதினி..." என்றாள். அதற்கு மேல் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

21 பிப்ரவரி, புதன்

கற்பகத்துக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தால் ஊசி வேண்டாம், இல்லாவிட்டால் வேண்டும். அந்த ஊசி எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று மாப்பிள்ளை புனேயிலிருந்து வந்து அலைகிறாராம். இவருக்குத்தான் தகவல் வருகிறது. எனக்கு வருவதில்லை.

22 பிப்ரவரி, வியாழன்

புகழுக்கு முத்துகள் காயத் தொடங்கிவிட்டன. பசிக்கிறது என்று இட்லி கேட்டான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நாள். இட்லியைத் தட்டில் வைக்கும்போதே போன் அடித்தது, தட்டைக் கீழே போட்டுவிட்டேன். யாரோ கடன் அட்டை வேண்டுமா என்று கேட்டார்கள்.

ஊசிக் கணக்கில் எட்டாம் நாள் இன்று. நாளையும் நாளை மறுநாளும்தான் மிச்சம். கற்பகம் இந்நேரம் கண்ணாடி முன்னால் நின்று தன் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் கண்ணுக்கு அதுதான் தெரிகிறது. சேலைக்குப் பில் போடுவது போல வாழ்க்கையிலும் தப்பாகப் போட்டதை அடித்துவிட்டு வேறு போட முடிந்தால் எப்படி இருக்கும்? பைத்தியக்காரத்தனம். சாமி படத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

23 பிப்ரவரி, வெள்ளி

கற்பகத்துக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. நிறையவே இருக்கிறதாம். சின்ன வயதில் லேசாக, யாருக்கும் தெரியாமலே வந்து போயிருக்க வேண்டும் என்றாராம் டாக்டர். சிவகாசிப் பெரியம்மா வீட்டிலேயே போட்டிருக்கும், யார் கண்டது? ஊசி வேண்டாம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

இவர் போனை வைத்துவிட்டுக் கூடத்தில் அப்படியே சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். புகழ் வந்து, "ஏம்மா அழுற, எனக்குத்தான் சரியாயிருச்சே" என்றான். ஆமாய்யா என்றேன்.

அண்ணாச்சிக்கும் மிஸ்ஸுக்கும் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி, கண்மலரை நானே வாங்கிப் போட வேண்டும் என்றார். மிஸ் திட்டினார். பூங்காவில் இருந்த பிள்ளைகளின் தாய்மார்களுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கேயும் கூப்பிட்டுச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

24 பிப்ரவரி, சனி

நாளை அவர் போகிறார். பெட்டியில் ஊறுகாயும் முறுக்கும் வைத்துக்கொண்டிருந்தபோது கற்பகம் வீடியோவில் கூப்பிட்டாள். என் போனுக்கு. இவருடையதற்கு இல்லை.

முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. புகழைக் காட்டச் சொன்னாள். அவன் தழும்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினான், அவளும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவன் ஓடிப்போன பிறகு, "மதினி, ஒண்ணு சொல்லணும். மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

"சொல்லு."

"பிள்ள பெறந்ததும் நீங்கதான் சேனை வைக்கணும்னு இவர்ட்ட சொல்லி வச்சிருந்தேன். மாசம் தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டேன்."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்போம். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. டாக்டர்கள் கூடாது என்கிறார்கள், நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு சொட்டாவது வைத்துவிடுவார்கள். யார் வைப்பது என்பதில் குடும்பங்களுக்குள் சண்டையே நடக்கும்.

"உங்களப் போல தைரியமா இருக்கணும் எம்பிள்ளன்னு நெனச்சேன் மதினி. இப்ப பயமா இருக்கு. உங்க மேல கோவம் இல்ல, சத்தியமா இல்ல. ஆனா பயமா இருக்கு."

சரிம்மா என்றேன். வேறென்ன சொல்வது?

"ஓவியா வைக்கட்டும். அவள்ட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

ஓவியா பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். சேனை என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டாள்.

"நீதானம்மா பெரியவ. நீ ஏன் வைக்கல?"

வாளியில் இன்னும் இரண்டு துணி இருந்தது. அதை எடுத்துப் பிழிந்துகொண்டே, என் குணம் அந்தப் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது என்று அத்தை பயப்படுகிறாள் என்று அவளிடம் சொன்னேன்.